மூன்றாம் தரம் கேட்கும் வரை

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து எனக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். ஜூலை குளிர்காலமான ஓக்லாந்தில் ஓட்டுவதற்கு ஈயும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் சேர்ப்பவனாக இருந்தேன். வாடிக்கையாளர் ஒரு துணித் துண்டையோ உடைந்த ஓட்டுச் சில்லையோ கொண்டுவந்து தருவார். அதே நிறம் வரும்வரை கலந்து கலந்து பார்க்க வேண்டும். எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண் தொடங்கிய நிறத்தை அந்தக் கண்தான் முடிக்க வேண்டும், பாதியில் ஆள் மாறினால் நிறமும் மாறிவிடும் என்பார்கள். அப்படியிருக்க, போகப்போகிறவனிடம் புது நிறத்தை யார் கொடுப்பார்கள்? ஒரு மாத நோட்டீஸ் காலம் முழுக்கக் கரண்டி கழுவுவதும் சுவரைப் பார்ப்பதுமாகக் கழிந்தது.

ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் எங்கள் அறையின் பொறுப்பாளர் ஓய்வுபெற்றார். மனேஜர் என் மேசைக்கு வந்து, அந்த இடத்தை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்காகக் கேட்டவுடனே வாயைப் பிளந்துகொண்டு ஓம், சரி என்று சொல்ல முடியுமா? இல்லை இல்லை, என்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறார்களே என்றேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் வேறென்ன சொல்வான்? எங்கள் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்குக்கூட முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம், உங்களுக்கேன் கரைச்சல், வீண் சிரமம் என்போம். மூன்றாம் தரம் கேட்ட பிறகுதான் கை நீளும். பின்னேரம் வருவார், இல்லாவிட்டால் நாளைக் காலை வருவார் என்று காத்திருந்தேன். மறுநாள் பக்கத்து மேசை வெள்ளைக்காரனைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

ஒப்புக்குக் கேட்டுவிட்டுத் தன் ஆளுக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன் என்று வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது லேசில் இறங்காது. கடைசியில் தெற்கே, இன்னும் குளிரான கிறைஸ்ட்சேர்ச்சில் ஒரு வேலை தேடிப் பிடித்தேன். நோட்டீஸ் கொடுத்த அன்று மனேஜர், உறுதியாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். உறுதிதான் என்றேன். சரி என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

மனைவிக்குக் கிறைஸ்ட்சேர்ச் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஓக்லாந்தின் ஏவன்டேலில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் அழாமல் இருக்கப் பழகியிருந்தாள். தமிழ்க் குடும்பங்கள் கைவிரலுக்குள் அடங்கும் காலம் அது. அந்த நாலைந்து வீடும் ஓக்லாந்தில்தான் இருந்தன. உங்கட ரோசத்துக்கு நாங்கள் ஏன் குளிருக்குள்ள போகவேணும் என்று அவள் சொல்லிவிட்டு, மறுபேச்சு இல்லாமல் பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றத் தொடங்கினாள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அந்தக் கடதாசிச் சரசரப்பைத்தான் தாங்க முடியவில்லை.

வேலையில்லாதவனுக்குக் கண்தான் வேலை செய்யும். காலையில் பத்து மணி இடைவேளையை அங்கே ஸ்மோகோ என்பார்கள். மற்ற நாட்களில் தேத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு ஓடிவிடுவேன். இப்போது நேரம் கிடந்து நாறியது, கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். பிஸ்கட் தகரம் ஒன்று மேசையைச் சுற்றி வரும். என்னிடம் வரும்போது வழக்கம்போல் வேண்டாம் என்பேன், அது நிற்காமல் அடுத்தவரிடம் போய்விடும். அங்கே சேர்ந்த நாள் முதல் அந்த பிஸ்கட் என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. இவர்களுக்கு உபசரிக்கத் தெரியாது என்று எண்ணியிருந்தேன்.

அன்று ஒன்றைக் கவனித்தேன். லாரிக்குச் சாமான் ஏற்றுகிற வண்டி ஓட்டுபவர் வேண்டாம் என்றார். தகரம் போன பிறகு அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என்றால் அது அறையை விட்டுப் போகும்வரை கண்ணால் வழியனுப்பிக்கொண்டிருப்பேன். அவருக்கு உண்மையாகவே வேண்டாம்! அடுத்தவர் ஓம் என்று இரண்டை எடுத்தார். ஒரு கூச்சம் இல்லை, யாரும் அவரை ஒரு மாதிரிப் பார்க்கவும் இல்லை. இதென்ன புதினம் என்று இருந்தது.

பிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தரம் யார் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். பால் வேண்டுமா? வேண்டாம். பால் போய்விட்டது. மழை பெய்கிறது, காரில் ஏற்றிக்கொண்டு போகட்டுமா? வேண்டாம். கார் போய்விட்டது, நான் நனைந்தேன். ஒரே ஒருவர்தான் விதிவிலக்கு. டின்களைப் பெட்டியில் அடுக்குகிற சமோவாப் பெண்மணி வெள்ளிக்கிழமைகளில் தேங்காய்ப்பாலில் அவித்த கிழங்கு கொண்டுவருவார். நான் வேண்டாம் என்றேன், தட்டில் வைத்தார். ஐயோ வேண்டாம் என்றேன், இன்னொன்றும் வைத்தார். அவர் காதில் நோ என்ற சொல் விழுவதே இல்லை. எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

விட்டேனா நான்? அடுத்த கிழமை மனைவியைக் கெஞ்சி உளுந்து வடை சுடுவித்துக் கொண்டுபோனேன். வண்டி ஓட்டுபவரிடம் நீட்டினேன். நன்றி, வேண்டாம் என்றார். சும்மா ஒன்று எடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார், சிரிப்பில்லாமல். விடாமல் மூன்றாம் தரமும் வடையை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். மனுஷன் கோப்பையை மேசையில் வைத்தார்.

"வேண்டாம் என்று சொன்னேனே. நான் சொல்வதை நீ நம்பவில்லையா?"

அவருக்கு மனத்தாங்கல் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் வடையோடு அப்படியே நின்றேன். எங்களுக்கு மூன்று தரம் கேட்பது மரியாதை. இவர்களுக்கு ஒருவன் சொன்ன வேண்டாமை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. அப்போதுதான் மனேஜர் நினைவுக்கு வந்தார். ஒப்புக்குக் கேட்டாரென்று நான் வருஷம் முழுக்கக் கறுவிய மனுஷன், நான் சொன்னதை நம்பியல்லவா போயிருக்கிறார்! மிச்ச வடை முழுவதையும் சமோவாப் பெண்மணியிடம் கொடுத்தேன். அவர் முதல் தரமே வாங்கிக்கொண்டார், அதையும் குறித்துக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். ஆனால் அதே கிழமை எங்கள் பொறுப்பாளன் சிட்னிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அங்கே சம்பளமும் வெயிலும் கூட என்று ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரம். இடம் திரும்பவும் காலி. மனேஜர் என்னைக் கடந்து போனார், வந்தார், வானிலையைப் பற்றிக் கதைத்தார். இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. வேண்டாம் என்றவனிடம் எதற்குக் கேட்பார்?

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். கடதாசியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்களே போய்க் கேளுங்கோவன்."

"வாய் விட்டுக் கேக்கிறதோ? நானோ?"

"ஓம், நீங்கள்தான். வேணுமெண்டா வேணுமெண்டு சொல்லுறதில என்ன குறைஞ்சு போறியள்?"

அவள் சொன்னது சரி. ஆனால் கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. மனேஜரின் கதவு வரைக்கும் போவேன். சொல் வாய் வரைக்கும் வரும். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தக் கதவுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயில் அந்த நாட்களில் நான் குடித்த மாதிரி யாரும் குடித்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒன்று, தனியாகப் பயிற்சி எடுத்தேன். பிஸ்கட் தகரம் வந்தால் உடனே ஓம். பாலுக்கு ஓம். காருக்கு ஓம். பிஸ்கட் அப்படியொன்றும் விசேஷமில்லை, சொல்லவேண்டுமே.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். துண்டை நீட்டியதும் வாங்கினேன். மனேஜர் நாலு நல்ல வார்த்தை சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது, பெட்டி ஏற்றுவதற்காக நான் அன்று இரவல் வாங்கி வந்த கார் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். கைகொடுக்கப் போனவர் கையைப் பாதியில் நிறுத்தினார்.

"பொறுப்பாளர் இடம் காலி என்று உனக்குத் தெரியும். போன முறை உனக்கு விருப்பமிருக்கவில்லை. இப்போதும் அப்படித்தானா, அல்லது எடுத்துக்கொள்கிறாயா?"

இத்தனை நாள் பயிற்சி! பிஸ்கட், பால், கார், கேக் எல்லாம் பாஸ். என் வாய் திறந்தது. "இல்லை, இல்லை, என்னால் உங்களுக்கேன் கரைச்சல்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது.

சரி என்று தலையாட்டினார். கைகொடுத்தார். திரும்பி நடந்தார்.

காரில் ஏறிச் சாவியைப் போட்டேன். பின்சீட்டில் மனைவி கேட்டிருந்த வெறும் பெட்டிகள், பாத்திரம் அடுக்குவதற்கு. அந்தப் பெட்டிகளோடு வீட்டுக்குள் நுழைகிற என்னை நினைத்துப் பார்த்தேன். வேறொன்றும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன். மழைக்குள் ஓடியதில் மூச்சு வாங்கியது. அவர் வாசற்படியில் கால் வைத்துவிட்டார்.

"இன்னொரு தரம் கேளுங்கள்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு தரம் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தரம்தான் உண்மையைச் சொல்வார்கள் என்று மூச்சிரைக்க விளக்கினேன். போன வருஷம் ஒரு தரம் கேட்டீர்கள், இப்போது ஒரு தரம், இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றேன்.

மழை அவருடைய கண்ணாடியில் வழிந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. படியிலிருந்து இறங்கி, மழைக்குள் எனக்கு நேரே வந்து நின்று, என் பெயரை முழுதாக, முதல் முறையாகத் தடுமாறாமல் சொல்லி, அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.

எனக்கு முதலில் "ஓம்" என்றுதான் வந்தது. பிறகு அவருக்கு விளங்குகிற மாதிரியும் சொன்னேன்.