தள்ளிக்கொண்டு போன ஜீப்

நன்றாக ஓடுகிற வண்டியைத் தினமும் தெருவில் தள்ளிக்கொண்டு போன குடும்பம், தூத்துக்குடியிலேயே எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளில் ஏறி இறங்குவதற்கென்று அண்ணன் எஞ்சின் இல்லாத பழைய மாடல் ஜீப்பின் கூடு ஒன்றை வாங்கி, அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் போட்டிருந்தான். கூடு பழசு, எஞ்சின் புதுசு என்பது அவன் திட்டம். அதற்குள் திருச்செந்தூர் ரோட்டில் அவன் காரின் பக்கவாட்டில் ஒரு லாரி மோதியது. எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணன் போய்விட்டான். எனக்கு அப்போது எட்டு வயது.

அவன் இருந்தவரை, தெருமுனையில் அவன் காரின் எஞ்சின் சத்தம் கேட்டாலே அம்மா சோறு போட்டுவிடுவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவனுடைய பெரிய தட்டு வந்துவிடும். எனக்கு மட்டும், “நீயே போட்டுத் தின்னுளா” தான். அதில் எனக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அந்தக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தார். அடிச்சட்டத்தை வெட்டினார், வெல்டிங் வைத்தார், அளவு சரியில்லை என்று மறுபடி வெட்டினார். புது எஞ்சின்களுக்கு ஒரு வீம்பு உண்டு, சொந்தச் சாவி இல்லாமல் உயிர் வராது. அதனால் அண்ணன் சாவியே, வேல் தொங்கும் வளையத்தோடு ஜீப்புக்கும் வந்தது. நான் அந்த ஜீப்பைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வண்டி முடிந்து வீட்டுக்கு வந்தது. ஆனால் அப்பா அதை மெயின் ரோட்டிலேயே அணைத்துவிட்டு, தெருவுக்குள் தள்ளிக்கொண்டுதான் வருவார். காலையில் நானும் அவரும் ரோடு வரை தள்ளிய பிறகுதான் சாவியைத் திருப்புவார். ஏன் என்று கேட்டால், “ஏளா, பேசாம தள்ளு” என்பார்.

தெருப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? “ஒங்கப்பா செஞ்ச ஜீப்பு ஸ்டார்ட்டே ஆவாதாம்லா!” என்று பின்னாலேயே வந்தார்கள். ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா குளிக்கப் போனார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, கியரை ஆட்டிப் பார்த்து, எங்கள் வாசலிலேயே சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கேலி செய்த பயல்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

சற்று நேரத்தில் அம்மா வாசலுக்கு வந்தாள். கையில் அண்ணனுடைய பெரிய தட்டு, நிறையச் சோறு, மேலே மீன் குழம்பு. டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

“பாத்தியாம்மா, ஸ்டார்ட் ஆவுது!” என்று கத்தினேன்.

அப்பா ஈரத்தலையோடு ஓடிவந்து சாவியைப் பிடுங்கினார். அம்மா தட்டை என்னிடம் நீட்டி, “தின்னு” என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்த பிள்ளைக்கு அம்மா தன் கையாலேயே சோறு போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், அதுவும் அண்ணன் தட்டில். வாசற்படியில் உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு பருக்கை விடாமல் தின்றேன். தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டையும் நீட்டினேன்.