பழைய துப்பறியும் தொடரும் என் அவசரக் குறிப்புகளும்

மூன்று வருடங்களுக்கு முந்திய குளிர்காலம். லண்டனுக்குத் தெற்கே சட்டன் என்ற ஊரில், நகரசபைக் கவுன்சிலுக்காக வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த யாழ்ப்பாணக் குடும்பம் எங்களுடையது. வேலையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. யார் வீட்டில் என்ன நடந்தாலும் போனில் இருக்கும் ஆப்பில் ஒன்றுவிடாமல் குறிப்பு எழுதிவிடுவேன். 'எழுதாதது நடக்காதது' என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

நான் மதியம் ஒரு மணிக்குப் போகும் வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். எண்பத்து நான்கு வயது. பக்கவாதத்தில் வலப்பக்கம் தளர்ந்து, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை நாலைந்து சொற்கள்தான்: ஆம், இல்லை, தேநீர், பிறகு 'அது நான்'. சாப்பாடும் மாத்திரையும் கொடுத்து, கைகளுக்குக் கிறீம் பூசிவிடுவது என் வேலை. கிறீம் பூசியதும் இழுப்பறையைக் காட்டி வெள்ளைப் பருத்திக் கையுறை கேட்பார். ஹீட்டர் எரிகிற வீட்டுக்குள் கையுறை எதற்கு? அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த நேரம் டிவியில் ஒரு பழைய துப்பறியும் தொடர் போகும். கறுப்பு வெள்ளை. பல் வைத்தியர் ஒருவரின் மாடியில் அறை எடுத்திருக்கும் தனியார் துப்பறிவாளர், எப்போதும் மழைக்கோட்டுடன் வருவார்; போலீஸ் கோட்டை விட்டதைக் கண்டுபிடிப்பார். அது தொடங்காமல் அம்மா வாயே திறக்கமாட்டார். நானும் கரண்டியைப் பிடித்தபடி பார்ப்பேன். கொலைகாரன் யாரென்று முகத்தைப் பார்த்தே பாதியில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா திடீரென்று இடது கையை நீட்டி, "அது நான்" என்பார். நிமிர்ந்து பார்த்தால் திரையில் யாரோ ஒரு பெரிய கண் நடிகை. இன்னொரு நாள் கோடீஸ்வரர் வீட்டு மனைவி. அவளும் அம்மாதானாம். ஒரு நாள் சூதாட்ட விடுதியில் சீட்டுக்கட்டைக் கலைக்கும் மீசைக்காரன் வந்தபோதும் "அது நான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அன்றும் எழுதினேன், 'குழப்பத்தில் இருக்கிறார். டிவியில் வருபவர்கள் எல்லாம் தான்தான் என்கிறார்.' இப்படி ஐந்து மாதம்.

மார்ச் மாதம் மனேஜர் போன் எடுத்தார். சுவிஸிலிருந்து வந்து இந்த நிறுவனத்தை நடத்தும் எங்கள் ஊர்த் தம்பி அவர்.

"அக்கா, கவுன்சிலில இருந்து வருகினம். அந்த அம்மாவைத் தனிய விடேலாது, முதியோர் ஹோமில சேர்க்கவேணும் எண்டு சொல்லுகினம். உங்கட குறிப்புகளை வச்சுத்தான். வடிவா எழுதியிருக்கிறியள்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை அடுத்த நாள் மதியம் வரைதான் நின்றது. அம்மாவின் மடியில் கவுன்சில் கடிதம் கிடந்தது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். சுவரையும் ஜன்னலையும் தன் நாற்காலியையும் காட்டிக் காட்டி, "இல்லை, இல்லை" என்று அழுதார். அந்த வீட்டில் அவர் ஐம்பது வருடமாக இருந்தவர். நான் கிறீமை எடுத்து அவருடைய இடது கையைப் பிடித்தேன்.

தொடர் ஓடிக்கொண்டிருந்தது. "அது நான்" என்றார், அழுகையோடே.

அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை அப்படியே திரைக்கு உயர்த்தினேன். அங்கே முகமே இல்லை. ஒரு பெண்ணின் இடது கை, மிக அருகில், சின்னச் சாவியால் மேசை இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் வில்லுப்போலப் பின்னால் வளைந்திருந்தது. அதன் அடியில் எள்ளளவு மச்சம். என் கைக்குள் இருந்த கட்டைவிரலும் அதே மாதிரி வளைந்திருந்தது. கிறீமுக்கு அடியில் அதே மச்சம்.

ரிமோட்டை எடுத்துத் திரும்ப ஓடவிட்டேன். நடிகையின் முகம் வரும்போது அம்மா பேசாமல் இருந்தார். கை வரும்போது மட்டும் சொன்னார். "கை மட்டுமா அம்மா? கையைக் காட்டும்போது மட்டும் நீங்களா?" என்று கேட்டேன்.

"ஆம்" என்றார். பிறகும் "ஆம், ஆம்". அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கை பெரிதாகத் தெரியும் காட்சிகளில் நடிகர்களுக்குப் பதிலாகக் கொடுத்த கை அது; அதைக் காக்கத்தான் அந்தக் கையுறை.

கையுறைகள் இருந்த இழுப்பறையைத் திறந்து கிளறினேன். அடியில் பழைய சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது.

மனேஜருக்குப் போன் எடுத்து, என் குறிப்புகள் பிழை, திருத்தவேண்டும் என்றேன். அவருக்கு முதலில் கோபம்தான்.

"எழுதினதை அழிக்கேலாது அக்கா. நீங்களே கூட்டத்தில உங்கட வாயால பிழை எண்டு சொல்லவேணும். பிறகு உங்கட மற்றக் குறிப்புகளை ஆர் நம்புவினம்? வேலையும் போகலாம்."

அன்று வீட்டில் சமையல் ஓடவில்லை. என் கணவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "நீர் எழுதினதை நீர்தானே திருத்தவேணும். வேற ஆர் திருத்திறது?" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவின் முன்னறையில் கூட்டம். கவுன்சிலிலிருந்து வந்த பெண், மனேஜர், வீடியோவில் ஸ்கொட்லாந்திலிருக்கும் மகள். நான் எழுந்து, "குழப்பம் அவருக்கில்லை, எனக்குத்தான். பார்த்ததை விசாரிக்காமல் எழுதிவிட்டேன்" என்றேன். மகளுக்கே விஷயம் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் அம்மா படப்பிடிப்பு ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்தது தெரியும், தட்டெழுத்து வேலை என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

கவுன்சில் பெண் நம்பியும் நம்பாமலும் பார்த்தார். டிவிப் பெட்டியில் பதிவாகியிருந்த மீசைக்காரனின் காட்சியை ஓடவிட்டேன். திரையில் கை மட்டும் பெரிதாகத் தெரிய, அவன் இடது கையால் மட்டும் சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, மேலது கீழாக மாற்றினான். உடனே அம்மா என்னிடம் இடது கையை நீட்டினார். சீட்டுக்கட்டை வைத்தேன். இரண்டு சீட்டுகள் தரையில் விழுந்தன. ஆனாலும் கட்டு ஒரே கையில் பிரிந்து, சுழன்று, மாறி உட்கார்ந்தது.

"அது நான்" என்றார் அம்மா.

ஹோம் பேச்சு அன்றோடு நின்றது. பேச்சுப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பினார்கள். என் வேலை போகவில்லை. ஆனால் 'குழப்பம்' என்று எழுதிய ஒவ்வொரு பழைய குறிப்புக்கும் கீழே, என் பெயரிலேயே, 'இது தவறு' என்று எழுதவேண்டியிருந்தது. பிழையை எழுதுவது இவ்வளவு கஷ்டமா என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த அம்மா இன்னும் ஒன்றரை வருடம் தன் வீட்டிலேயே இருந்து, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். கடைசி வரை கையுறையை நான்தான் மாட்டிவிட்டேன். ஐந்து மாதம் அந்தக் கையை என் கைக்குள் பிடித்துக்கொண்டே, திரையில் அவருடைய முகத்தைத் தேடி, இல்லை என்று எழுதிவைத்தவள் நான். இன்றும் ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுத ஆப்பைத் திறக்கும்போது, அந்த மச்சம்தான் முதலில் என் கண்முன் வந்து நிற்கிறது.