ரசத்தில் மிதந்த மல்லியிலை

கொத்தமல்லி இலையை மீனாக்ஷி சமையல் சாமானாகவே மதித்ததில்லை. உப்பில்லாத குழம்பு, அடிப்பிடித்த உப்புமா, நேற்றைய கூட்டு எல்லாவற்றின் தலையிலும் ஒரு பிடி தூவி நல்ல பேர் வாங்குகிறவர்களைச் சமையல்காரர்கள் என்று அவள் சொல்வதில்லை. “அவாள்லாம் தோட்டக்காரா” என்பாள்.

மட்டாஞ்சேரி ஐயர் வீடுகளில் சிராத்தங்களுக்குச் சமைப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தச் சமையலில் பெருங்காயம் கிடையாது, மிளகாய் கிடையாது, கொத்தமல்லியும் கூடாது. வாசனைக்கு மிளகு, ஜீரகம், கறிவேப்பிலைதான். அதனால் கறிவேப்பிலையை அவளே பொறுக்குவாள். பழுத்தது, புள்ளி விழுந்தது எல்லாம் குப்பைக்கு. ரசத்தை இறக்கிய பிறகே நெய்யில் பொரித்துக் கொட்டுவாள். பச்சை மாறினால் அவளுக்கு அது கரி.

கொச்சங்காடியில் சிவசங்கரன் வீட்டில் அவருடைய அப்பாவின் சிராத்தம். இந்த வீட்டில் நல்ல பேர் இருந்தால்தான் அந்தத் தெருவில் மற்றவர்களும் மீனாக்ஷியைக் கூப்பிடுவார்கள். ரசத்தை இறக்கும்போது சிவசங்கரனின் மனைவி அஞ்சனா ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

“மாமி, இதை ரசத்துல போடுங்கோ. இவரோட அப்பாக்கு மல்லியிலைன்னா ரொம்ப இஷ்டமாக்கும்.”

“இஷ்டமானதெல்லாம் போடறதுன்னா ஒரு மசால்தோசையும் வாங்கி வெச்சுடேன்.”

“ஒரு இலையில என்ன வந்துடப்போறது?”

“சாஸ்திரிகள் பாதியில எழுந்து போயிடுவார். அதான் வரும்.”

அஞ்சனாவின் முகம் சுண்டியது. தெருவே போனாலும் போகட்டும் என்று மீனாக்ஷி பாயசத்தைக் கிளறப் போனாள். திரும்பி வந்தபோது ரசத்தில் மல்லியிலை மிதந்தது. வேறு ரசம் வைக்க நேரமில்லை. வெங்கிடாசல சாஸ்திரிகள் இலைக்கு முன் உட்கார்ந்தாயிற்று.

அதையே பரிமாறினாள். எழுந்து போகட்டும், இவர்களுக்குப் புத்தி வரட்டும் என்றிருந்தது. சாஸ்திரிகள் பச்சையைப் பார்த்தார். சிராத்தத்தில் சாப்பிடுகிறவர் பேசக்கூடாது. அவர் ஓர் இலைத்துணுக்கை ஓரமாக ஒதுக்கினார், உறிஞ்சிக் குடித்தார், கையைக் குவித்து இன்னும் கேட்டார். பிறகு மறுபடியும். வாயில் வேதம், நாக்கு மட்டும் ஹோட்டலில் என்று நினைத்தபடி மீனாக்ஷி ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு வந்து, “இன்னிக்கு ரசம் கொள்ளாம், நன்னாயிருக்கு” என்றார் சாஸ்திரிகள்.

அஞ்சனாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “அடுத்த வருஷமும் மாமிதான் வரணும்.”

“வரேன்” என்றாள் மீனாக்ஷி, அவர் காதில் விழும்படியே. “சாஸ்திரிகளை மட்டும் மாத்திடு.”

அஞ்சனா அதைத் தமாஷென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். சாஸ்திரிகள் சிரிக்கவில்லை.