முள் சொன்னதும் பெஞ்சு சொன்னதும்

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு சினிமா கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தேன். படம் ஓட்டும் அறைக்கு ஒரே கதவு. படம் ஓடும்போது அதைத் திறந்து வெளியே போகக் கூடாது. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரியும் சூட்டில் பனியனோடு நின்று, கையகலத் துவாரம் வழியாகத்தான் திரையைப் பார்ப்பேன். அவ்வளவு தூரத்திலிருந்து எல்லாப் படமும் நன்றாகவே தெரியும்.

ஒரு கோடையில் முதலாளி மதராஸிலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டர் வாங்கி வந்தார். ஆட்டம் தொடங்குமுன் வெறும் திரையில் ஒளியை விழச் செய்து, அதன் எதிரே மீட்டரைப் பிடிப்பார். முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை நான் கரண்டைக் கூட்ட வேண்டும். தொட்டதும் நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குவார்.

அதற்குப் பிறகுதான் திரைக்கு முன்னால் இருந்த பெஞ்சிலிருந்து விசில் அதிகமானது.

"ஆபரேட்டரு தூங்குறாரா? மூஞ்சியே தெரியலய்யா!"

"மீட்டர் சரியா காட்டுது. அப்புறம் என்ன கொறை? நீதான் உள்ள ஏதோ பண்றே" என்றார் முதலாளி. நோட்டில் இருந்ததோ என் கையெழுத்து.

மாற்று ஆள் படம் ஓட்டிய என் லீவு நாளில் மாட்டினிக்கு டிக்கெட் எடுத்து முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் ரீலிலேயே புரிந்துவிட்டது. வெளிச்சம் நிறைய இருந்தது. ஆனால் கூடிய சூட்டில் பிலிம் நெளிய, முகங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மங்கின, தெளிந்தன, மறுபடி மங்கின. பக்கத்தில் இருந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். வெறும் திரையை அளக்கும் மீட்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"நீங்களே ஒரு தடவை முன்னால உக்காந்து பாருங்க" என்று முதலாளியிடம் கெஞ்சினேன். உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் கண்ணில் நீர் வழிய எழுந்து வந்தார்.

"எனக்கு வயசாயிடுச்சுப்பா."

மறுவாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மீட்டரைப் பிடித்தார். கரண்டைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும் டிக்கெட் கிழிப்பவரிடம்தான் கடைசியில் உதவி கேட்டேன். ஆட்டம் தொடங்கியதும் அவர் முன் பெஞ்சருகே நிற்பார். படம் மங்கினால் துவாரத்தை நோக்கி டார்ச்சை இரண்டு முறை அடிப்பார். நான் லென்ஸை மெல்லத் திருப்புவேன். தெளிந்ததும் ஒரு முறை அடிப்பார். சில நாளில் விசில் அடங்கியது.

"பாத்தியா, மீட்டர் வந்தப்புறம்தான் கொட்டகை ஒழுங்காச்சு" என்றார் முதலாளி.

அன்றைக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும்வரை, இன்னும் சில வருஷங்கள் அப்படியே ஓடின.