பிடுங்கி நட்ட முடி

இருபத்தெட்டு வயதில் என் முன்தலை முழுக்க வழுக்கை. மாட்டுங்காவில் அப்பா அம்மாவோடு இருந்தேன், கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் குமாஸ்தா. மூன்று பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. முடியைப் பெயர்த்து நடும் புதிய சிகிச்சையை ஒரு டாக்டர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் பருமனில் ஒரு எஃகுக் குழாயைப் பின்மண்டையில் வைத்துத் திருகினார். வலிக்கவில்லை. தோல் அறுபடும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. முடியோடு வந்த தோல் வில்லைகளை, முன்தலையில் குடைந்த குழிகளில் ஒவ்வொன்றாகச் செருகினார். இப்போது ஒவ்வொரு வேராக எடுத்து, பார்த்தால் தெரியாதபடி நடுகிறார்களாம். எனக்குச் சில வில்லைகள் சீழ் பிடித்தன. தலையணை உறை நாறியது. பக்கத்துப் பாயில் அப்பா முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து வந்த முடி, பிரஷ்ஷில் இருப்பதைப் போலக் கொத்துக் கொத்தாக வந்தது. நடுநடுவே வெற்றுத் தோல்.

"என்னடா, நாத்து நட்டிருக்கே. தண்ணி பாய்ச்ச வேண்டாமோ?" என்றார் அப்பா.

அந்தக் கொத்துகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அங்கே சீப்பு படாமல் வாரிக்கொள்கிறேன்.

எண்ணெய் தடவிப் படிய வாரி மறைத்துக்கொண்டேன். செம்பூரில் பெண் அமைந்தது. சிகிச்சையைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை. நிச்சயமான மறுமாதம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

மூத்த பிள்ளை நான். தலையை மழித்துக்கொண்டு கொள்ளி வைக்க வேண்டியவன். நாவிதர் மணையைப் போட்டுக் காத்திருந்தார். செம்பூர்க்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள். மழித்தால் முன்னால் மேடும் பின்னால் பள்ளமுமாக என் தலை அவர்கள் கண்ணில் படும்.

"தலையில புண்ணு. கத்தி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்," என்றேன்.

பொய். புண் ஆறி மாதக்கணக்காகியிருந்தது. மழித்தாலும் திரும்ப முளைக்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"க்ஷவரம் பண்ணிக்காம எப்படிக் கர்மம் பண்றது?" என்றார் சடங்கு நடத்த வந்திருந்த வாத்தியார். "அப்போ சின்னவன் உக்காரட்டும்."

கல்யாணிலிருந்து வந்திருந்த தம்பி என்னைத் தனியே இழுத்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். "நாலு மாசத்துல வளந்துடும், அண்ணா. அப்பாவுக்குப் பண்ண வேண்டாமா?"

"நீ போய் உக்காருடா," என்றேன்.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தான். பெண்ணின் அப்பா என் தோளைத் தொட்டு, "பாவம், உங்களுக்கு எவ்வளவு மனசு கஷ்டமா இருக்கும்," என்றார். நான் தலையாட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

சயான் மயானத்தில் தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் கூட்டத்தோடு நின்றேன். காற்று திரும்பி, சிதையிலிருந்து பொறிகள் எங்கள் பக்கம் பறந்து வந்தன. என் இரண்டு கைகளும் தலையைப் பொத்திக்கொண்டன.