டீச்சரின் வட்டம்

காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சுகளை இழுக்கத் தொடங்கிவிடுவார் டீச்சர். முந்தைய மாலை கூட்டுகிறவர் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனதை வட்டமாக்க வேண்டும். இழுக்கும்போதும் வாய் ஓயாது. “நகருப்பா, நாலு கால் இருந்தும் இவ்வளவு சோம்பலா?” என்று பெஞ்சோடும் பேசுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கிராமத்து ஆரம்பப் பள்ளியில் பெஞ்சுகள் தரையோடு ஆணியடித்துக் கிடந்தன. “பெஞ்சு நகர்ந்தா பிள்ளைங்க நகரும், பிள்ளைங்க நகர்ந்தா எனக்குத் தலை சுத்தும்” என்பார் அப்போதைய தலைமையாசிரியர். அவர் ஓய்வு பெற்ற மறுநாளே தச்சரை அழைத்துவந்து ஆணிகளைப் பிடுங்கினார் டீச்சர். பிரம்பு, தோட்டத்து அவரைக்குக் கொழுகொம்பானது. கணக்குப் பாடம் மரநிழலை அளக்க வெளியே போனது. “ஏதோ புதுசா பண்றாங்களாம்” என்று ஊர் தலையில் அடித்துக்கொண்டது. அந்தப் புதுசுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. ஊர் இன்னும் அதையேதான் சொல்கிறது.

அன்று ஊர்ப் பேருந்தின் ஓட்டுநரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம். இன்னும் ஒரு பிள்ளை குறைந்தால் ஐந்தாம் வகுப்பையே மூடிவிடுவார்கள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். டவுன் ஸ்கூல்ல வாராவாரம் பரீட்சை. இங்க எம்பொண்ணு நத்தைக்கு வீடு கட்டிட்டிருக்கா.”

டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். “புகார்னா வட்டத்துல சொல்லணும் மாமா!” வட்டத்தில் மரக்கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். டீச்சரே போட்ட சட்டம். அதிகம் மாட்டிக்கொள்கிறவரும் அவரே.

முழங்கால் முகவாயில் இடிக்க ஓட்டுநர் உட்கார்ந்தார், சொன்னார், கரண்டியைக் கைமாற்றினார்.

“டவுன் ஸ்கூல்ல நத்தை இருக்கா?” என்றது ஒரு வாண்டு.

“நீங்க பஸ்ஸை ஓட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டீங்களா, பரீட்சை எழுதியா?” என்றது அடுத்தது.

“ரெண்டும்தாண்டா...”

“கரண்டி இல்ல! கரண்டி இல்ல!” வகுப்பே கூவியது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டார்.

கரண்டி மகளிடம் வந்தது. “நான் போகலப்பா. ஆனா டீச்சர், ஒரு பரீட்சை வைங்களேன். எனக்கு எவ்வளவு தெரியும்னு நானும் பார்க்கணும்.”

“வெச்சா அவ இங்கயே படிக்க எனக்குச் சம்மதம்” என்றார் ஓட்டுநர். இந்த முறை யாரும் கூவவில்லை.

கரண்டி டீச்சர் கைக்கு வந்தது. பரீட்சை வேண்டாம் என்பதற்கு மணிக்கணக்கில் பேச அவரிடம் காரணங்கள் உண்டு. பிள்ளைகள் அதற்காகவே சம்மணமிட்டுக் காத்திருந்தார்கள். டீச்சர் வாயைத் திறந்தார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு எழுந்துபோய் ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டாக ஒடித்து, பரீட்சைக்குக் கேள்வி எழுதச் சொல்லி அப்பனுக்கு ஒரு துண்டும் மகளுக்கு ஒரு துண்டும் நீட்டினார்.