கடைசிப் பந்துக்கு இரவல் ஆள்

போன கிழமை ரொறொன்ரோவில் ஒரு மனிதருக்காக நான் பரிதாபப்பட்டேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. டிவியில்தான் பார்த்தேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் நிரோஷன் ஒரு பேஸ்போல் பைத்தியம். வருடக் கடைசியில் கிண்ணத்துக்கான போட்டிகள் நடக்கிற நேரம் – வீட்டில் சாப்பாடுகூட விளம்பர இடைவேளையில்தான். பந்து எறிகிறவர் அழகாக எறிந்துகொண்டிருந்தார். பாதி ஆட்டம்கூட ஆகவில்லை. பயிற்சியாளர் ஆடி அசைந்து வந்தார், பந்தை வாங்கினார், போய் உட்காரச் சொல்லிவிட்டார். மைதானத்தின் அந்தத் தொங்கலில் ஒரு கதவு திறந்தது. இன்னொருவர் ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் போனார். பிறகு இன்னொருவர்...

நன்றாகத்தானே எறிந்தான், ஏன் நிற்பாட்டினார்கள் என்று கேட்டேன். நிரோஷன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விளக்கினான். முந்தி ஒரே ஆள் ஆட்டம் முழுக்க எறிவாராம். இப்போது, அதுவும் இந்தக் கடைசிப் போட்டிகளில், மாற்று ஆட்களை நம்பித்தான் எல்லாமே. ஒருவருடைய எறியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அடிக்கிறவர் பிடித்துவிடுவாராம்.

“பழகின கை ஆபத்து, பெரியம்மா” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் விளையாடிய விளையாட்டில் பழகாத கைதான் ஆபத்து!

எல்லே தெரியும்தானே? மூங்கில் தடி, டெனிஸ் பந்து. அடித்துவிட்டு, நட்டுவைத்த கம்புகளைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். ஓடும்போது பந்தால் எறிந்து பட்டுவிட்டால் ஆள் அவுட். பார்த்தால் பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் – எல்லேயில் உனக்குப் பந்து போடுகிறவள் எதிரி இல்லை. உன் சொந்த அணிக்காரி. நீ எந்த உயரத்தில் விரும்புவாய், எவ்வளவு தள்ளிப் போட்டால் விளாசுவாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மன்னாரில், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே இருந்த எங்கள் ஊரில் அப்படிப் போடத் தெரிந்தவள் ஜெசிந்தா. எனக்குப் போட அவள் ஒருத்தியால்தான் முடியும். நான் இடக்கைக்காரி. போதாததற்கு ஆளும் கட்டை. மற்றவர்கள் போட்டால் பந்து என் நெஞ்சுக்கு வரும், நான் காற்றை அடித்துவிட்டு அசடு வழிவேன். ஜெசிந்தா போட்டால் முழங்காலுக்குச் சற்று மேலே, கொஞ்சம் வெளியே... ஆகா!

அவளுக்குக் கலியாணம் ஆனது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் சண்டைக் காலம். சீதனமாகக் கொடுக்க இருந்த வீட்டின் கூரை ஷெல்லில் போய்விட்டது. கூரை இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவார்? ஜெசிந்தாதான் முசலிப் பக்கம், கடற்கரையில் இருந்த அவர்கள் ஊருக்குப் போனாள். மாமி வீட்டில், மாமியின் அடுப்பில் வாழ்க்கை. எல்லேயும் அந்த ஊர் அணிக்குத்தான்.

அடுத்த வருடம் கோவில் திருநாள் எல்லே ஃபைனல். எதிரணி யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஊர்தான்.

அன்றைக்குப் பார்த்து ஆமிக்காரர்கள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். சென்றிக் காவலரணுக்கு அந்தப் பக்கம் அகப்பட்ட எங்கள் புதுப் பந்துக்காரி வந்து சேரவில்லை. அவளுக்குப் பதிலாக ஒருத்தி போட்டாள், சரிவரவில்லை. இன்னொருத்தி போட்டாள், அதுவும் இல்லை. கடைசியில் எங்கள் கப்டன் ரீட்டா அக்காவே போட்டு எப்படியோ ஓட்டங்களைச் சமன் செய்துவிட்டார். வெல்ல இன்னும் ஓர் ஓட்டம் வேண்டும். அடிக்க மிச்சம் இருந்தது நான் மட்டும்.

இவளுக்குப் போட என்னால் ஏலாது என்று ரீட்டா அக்கா கையை விரித்துவிட்டார். நேரே நடுவராக நின்ற கோவில் ஃபாதரிடம் போய், எதிரணியில் ஓர் ஆளை இரவலாகக் கேட்டார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பீர்கள். அந்த நாட்களில் எந்த அணியும் முழுசாய் வந்து சேர்ந்ததில்லை, ஆள் இரவல் எங்களுக்குச் சர்வ சாதாரணம். ஆனால் ஃபைனலில், கடைசி ஆளுக்கு, அதுவும் ஜெசிந்தாவை!

எதிரணிக் கப்டன் ஜெசிந்தாவின் மச்சாள். புருசனின் தங்கச்சி. அவள் தாயைப் பார்த்தாள். மாமி முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தார்.

“போ பிள்ளை, போட்டுக் குடு” என்றார் மாமி, சிரித்துக்கொண்டே. “ஆரின்ரை சோத்தைத் தின்னுறாய் எண்டு உனக்குத் தெரியுந்தானே.”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. வந்து பந்தை எடுத்தாள். கிண்ணம் கிடக்கட்டும்... இரவு அவள் திரும்பிப் போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தானே?

முதல் பந்து நெஞ்சுக்கு வந்தது. காற்றை அடித்தேன். இரண்டாவது எட்டாத தூரத்தில் போனது. ஒருவருக்கு மூன்று பந்துதான். அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. சரி, இனி அவள் அவர்களுடைய ஆள், அதில் என்ன பிழை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்றாவது... முழங்காலுக்குச் சற்று மேலே. கொஞ்சம் வெளியே.

அடித்தேன். சோளகக் காற்று பந்தை அள்ளிக்கொண்டு போனது. புழுதியில் விழுந்து எழும்பி ஓடினேன், சுற்றி முடித்தேன், வென்றோம். திரும்பிப் பார்த்தபோது ஜெசிந்தா குனிந்த தலையோடு மாமியின் கதிரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

சர்பத் கொடுக்கிற இடத்தில்தான் ஒரு நிமிடம் பக்கத்தில் வந்தாள்.

“முதல் ரெண்டும் அவையளுக்கு” என்றாள் மெல்ல. “மூண்டாவது உனக்கு.”

மாமி கேட்டால் என்ன சொல்லுவாய் என்றேன். தெரியாது என்றாள். எனக்குக் கிண்ணமே வேண்டாம் போலிருந்தது.

அதற்குள் அவர்கள் ஊர்க்காரர்கள் மாமியைச் சூழ்ந்துவிட்டார்கள். உங்கள் மருமகள் கவிழ்த்துவிட்டாளே என்று ஒருவர் குரலை உயர்த்தினார். மாமி கதிரையை விட்டு எழும்பினார். ஜெசிந்தாவின் கையைப் பிடித்தார்.

“பந்து ஈரம். எங்கடை பிள்ளைக்குக் கை வழுக்கிப்போச்சு. வேறை என்ன?”

அவ்வளவுதான். சூழ்ந்து நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். மருமகளைக் கூட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். ஆவணி மாதம். மன்னாரில் மழை பெய்து எத்தனையோ மாதம். மைதானம் என்று நாங்கள் ஓடியது காய்ந்து வெடித்த வயல். ஈரம் எங்கிருந்து வந்தது? அந்த மனிசியும், ஜெசிந்தாவைப் போல, வழக்கத்துக்கு மாறாக எங்கோ பிறந்து எங்கோ வாழப்போனவராம்...

கனகாலம் கழித்து, இடம்பெயர்ந்து இருந்த ஓரிடத்தில் தண்ணீருக்கு நின்றபோது ஜெசிந்தாவைக் கண்டேன். மாமிக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. அவரை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையில் வாளியோடு நின்றாள். நான் யார் என்று மாமிக்குச் சொன்னாள். “ஓ... அந்த இடக்கைக்காரியோ” என்று மாமி என் கையைத் தடவிப் பார்த்தார். மூன்று பேரும் வரிசையை மறந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அவர்களை நான் காணவில்லை.

நிரோஷனின் டிவியில் கடைசி மாற்று ஆள் வந்திருந்தார். எறிந்த பந்து எங்கோ போனது. நிரோஷன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பந்து ஈரமாக்கும்” என்றேன்.

இது கூரை மூடின ஸ்டேடியம் பெரியம்மா, ஒரு சொட்டு ஈரம் இல்லை என்றான்.

எங்கள் வயலிலும் இருக்கவில்லை, தம்பி.